காட்சிக்கு வைத்த குரல்

எங்கள் மியூசியம் மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, ஒரு பழைய உப்புக் கிடங்கில் இருக்கிறது. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற என்னிடம், ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை அதன் சாவியைக் கொடுத்தது. சம்பளம் கிடையாது, நான் கேட்கவும் இல்லை. உள்ளே உப்பு இழுக்கும் மரப்பலகைகள், எடைக்கற்கள், பாதிக் கட்டுமரம், கிணறு வெட்டும்போது கிடைத்த பானை ஓடுகள். பாண்டிச்சேரிக்குப் போகும் கார்கள் எப்போதாவது நிற்கும். இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "டாய்லெட் இருக்குதா சார்?" காட்டுவேன். திரும்பி வரும்போது மரியாதைக்காக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள்.

உப்புக் காற்றில் இரும்பு பொரிந்து உதிர்கிறது, துணி இற்றுப் போகிறது. பொருள் போவதற்குள் படமாவது எடுத்து வைக்கலாமே என்றவர், மாதா கோயில் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் ஒரு பெண். "இங்க வர்றவங்களை விட போன்ல பாக்குறவங்க ஜாஸ்தியா இருப்பாங்க சார்" என்று சொல்லி, மியூசியத்துக்கு ஒரு வலைப்பதிவைத் தொடங்கிக் கொடுத்தார். வாரம் ஒரு பொருள், ஒரு படம், அதைப் பற்றி நான் எழுதும் சில பத்திகள். எழுதப் பிடித்திருந்தது. வகுப்பறையில் தூங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் எழுதினேன். படித்தவர்கள் மிகக் குறைவு. வெளிநாட்டில் இருக்கும் என் மருமகன் தவறாமல் கட்டைவிரலைத் தூக்குவார். படித்தாரா என்று நான் கேட்டதில்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அந்தப் பழக்கத்திலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது.

வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்த குடும்பங்களின் பொருள்களைச் சேர்க்கலாம் என்று ஒருமுறை எழுதினேன். கோட்டக்குப்பத்திலிருந்து சிலர் வந்தார்கள். புலிப்படம் போட்ட கம்பளி, காலி அத்தர் பாட்டில், கயிறு கட்டிய சூட்கேஸ். ஒரு நாள் மதியம் ஓர் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். வயது அறுபதுக்கு மேல். கணவர் துபாயில் பல வருடம் இருந்து, திரும்பி வந்து, இங்கேயே இறந்து போனவர். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே கைக்குட்டையில் சுற்றி ஒரு கேசட்.

"கடுதாசிக்குப் பதிலா இதுல பேசித்தான் சார் அனுப்புவோம். லீவுல வந்துட்டுத் திரும்பிப் போறவங்க கையில குடுத்துவுடுவோம். அவரு ஒரு பக்கம் பேசுவாரு. அது வீட்டுல எல்லாருக்கும். அத்தா, அம்மா, தங்கச்சி, பக்கத்து வூட்டுக்காரங்கன்னு எல்லாரும் சுத்தி உக்காந்து கேப்போம். அது முடிஞ்சதும் டேப்பை நிறுத்திடணும். அடுத்த பக்கம் புருஷன் பொஞ்சாதிக்கு. யாரும் சொல்ல மாட்டாங்க, அவங்களா எழுந்து போயிடுவாங்க."

"எழுந்து போவாதவங்க?"

"எங்க மாமியார் போவ மாட்டாங்க. காது கேக்காதுன்னு சொல்லிட்டு அங்கயே படுத்துக்குவாங்க." சிரித்தார். "நல்லா கேக்கும்."

இந்தக் கேசட்டில் ஒரு பக்கம் கணவரின் குரல். மறுபக்கத்தை அவர் காலியாக விட்டு அனுப்ப, அதில் இவர் பேசித் திருப்பி அனுப்பியது. ஊர் திரும்பும்போது கணவர் கொண்டு வந்திருக்கிறார். அவருடைய குரல் இருப்பது இது ஒன்றில்தான் என்றார். வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை என்றார். ஏன் வைத்திருக்க முடியவில்லை என்று நான் கேட்கவில்லை.

புறப்படும்போது வாசலில் நின்று கேட்டார்: "இதைப் போடுற மிஷின் உங்ககிட்ட இருக்குதா சார்?"

"இல்லம்மா. இப்ப எங்க கெடைக்குது அது?"

"சரி சார். கண்ணாடிப் பெட்டியில வெச்சிடுங்க."

பிறகு பலரிடம் நான் சொன்னது, அந்த அம்மா கணவரின் குரலைக் கேட்க ஆசைப்பட்டுத்தான் மிஷினைப் பற்றிக் கேட்டார், அவர் ஆசையை நிறைவேற்றத்தான் நான் முயன்றேன் என்று. பொய். மிஷின் இல்லை என்றதும் அவர் முகம் இளகியதை நான் பார்த்தேன். பார்த்ததை மறந்துவிட எனக்கு வசதியாக இருந்தது.

கேசட்டின் படத்தைப் போட்டு, ஒரு பக்கம் வீட்டுக்கு, ஒரு பக்கம் தம்பதிக்கு என்ற அந்த வழக்கத்தை விரிவாக எழுதினேன். நன்றாகவே எழுதினேன். வழக்கத்தைவிட அதிகம் பேர் படித்தார்கள். கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "கேட்க முடியாத கேசட்டால் என்ன பயன் ஐயா?" அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. பாண்டிச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தேடி வாங்கினேன். டீச்சர் அதைத் துடைத்து, வயர் போட்டுக் கம்ப்யூட்டருடன் இணைத்தார்.

முதல் பக்கத்தில் கணவர் எல்லாருக்கும் சலாம் சொல்கிறார். கிணற்றின் மேல் சாய்ந்த தென்னையை வெட்டிவிட்டார்களா, ஆடு குட்டி போட்டதா என்று கேட்கிறார். தங்கையை அழைத்துக் கேலி பேசுகிறார். கனத்த, சிரிப்பு கலந்த குரல். மறுபக்கம் இளம்பெண்ணின் குரல். பின்னால் சேவல் கூவுகிறது, யாரோ துணி துவைக்கிற சத்தம். அவசர அவசரமாக, தாழ்ந்த குரலில் பேசுகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். பிறகு நாத்தனாரைப் பற்றி ஆரம்பிக்கிறார்.

"உங்க தங்கச்சி என்னை இந்த வூட்டு வேலைக்காரின்னு நெனைச்சிக்கிட்டு இருக்குது. நான் ஒரு சேலை கட்டினா அது மொகம் சுருங்குது. என்னாங்க, அந்த திண்டிவனத்துக்காரர் மறுபடியும் ஆள் அனுப்பியிருக்காரு. ரெண்டாந்தாரம்தான். இருந்தா என்னா? குடுத்துடுங்க. அந்த ஆளு கெழவனா இருந்தாலும் சரி, குருடனா இருந்தாலும் சரி, இவ கெளம்பினா போதும், நான் ரெண்டு ரக்அத் சேத்துத் தொழுவுறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"சார், இது அவங்க வூட்டுக்காரர்கிட்ட பேசினது. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமே."

"பேரெல்லாம் வெட்டிடும்மா. யாருன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"கோட்டக்குப்பத்துல எல்லாருக்கும் தெரியும் சார்."

"எந்தக் காலத்துச் சமாச்சாரம் இது. இப்ப வரலாறாயிடுச்சும்மா."

வரலாறு என்று சொல்லிவிட்டால் எனக்கு எதிரே யாரும் பேச முடியாது. முப்பது வருடமாக அந்தச் சொல்லை வைத்துத்தான் பிழைத்தேன். டீச்சர் நான் சொன்னபடி வெட்டினார். கணவரின் குரலில் கொஞ்சம், மனைவியின் குரலில் கொஞ்சம். எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நான்தான் சொன்னேன். "தொழுவுறேன்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அதற்கு மேலும் அந்தக் குரல் பேசிக்கொண்டு போனது. நீளமாகிவிடும் என்றேன்.

அதுவரை நான் எழுதியதையெல்லாம் சேர்த்துப் படித்தவர்களைவிட அந்த ஒலித்துண்டைக் கேட்டவர்கள் அதிகம். வலைப்பதிவிலிருந்து அது வாட்ஸப்புக்குப் போனது. சவுதியிலும் துபாயிலும் இருக்கிற நம் ஊர்ப் பையன்கள் கேட்டுச் சிரித்தார்கள். சிலர் அழுதோம் என்றும் எழுதினார்கள். சென்னையில் சிறிய மியூசியங்கள் தங்கள் பொருள்களை இணையத்தில் பகிர்வது பற்றி ஒரு கூட்டம். அதில் என்னைப் பேச அழைத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் மேடைக்கு அழைத்ததில்லை. சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தேன்.

கூட்டம் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை அந்த அம்மா போன் செய்தார்.

"சார், அதை நிறுத்துங்க."

எதை என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"மிஷின் இல்லன்னு சொன்னீங்களே சார். நீங்க படிச்சவரு, வாத்தியாரு. இல்லன்னா இல்லன்னு நம்பித்தானே குடுத்தேன்."

"பேர் எதுவும் இல்லம்மா அதுல."

"தென்னை மரமும் கெணறும் இருக்குதே. எங்க தெருவுல அந்த மரம் சாஞ்ச கதை தெரியாத ஆளு யாரு? துபாய்ல இருக்கிற பையன் போன் போட்டு, 'பெரியம்மா, நீங்க அப்பவே டெரரா'ன்னு கேக்குறான்." மூச்சு வாங்கினார். "அது போவட்டும். என் நாத்தனார் இன்னும் கேக்கல. அவளும் நானும்தான் இப்ப ஒரே வூட்டுல இருக்கோம். அவளை அந்த திண்டிவனத்துக்காரருக்குத்தான் குடுத்தாங்க. அங்க பட்டதெல்லாம் பட்டு, புள்ளை குட்டி இல்லாம திரும்பி வந்தா. வந்ததுலேருந்து எங்கூடத்தான் இருக்குறா. அவகிட்ட பட்டன் போன்தான். புள்ளைங்ககிட்ட காட்டாதீங்கடான்னு கெஞ்சி வெச்சிருக்கேன். எத்தினி நாளைக்கு சார் வாசல்லயே உக்காந்து காவல் காக்க முடியும்?"

"இன்னைக்கே எடுத்துடறேன்மா" என்றேன்.

எடுக்கவில்லை. எடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமை மேடையில் எங்கள் பக்கத்தைத் திரையில் திறந்து காட்ட வேண்டியிருந்தது. எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண் அதில்தான் இருந்தது. நாலு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அந்த அம்மா மறுபடியும் அழைத்தார். தைத்து வந்த சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்து ஓயும்வரை கண்ணாடி முன்னால் நின்றேன்.

சனிக்கிழமை, சென்னை அரங்கில் ஒலித்துண்டைப் போட்டேன். "ரெண்டு ரக்அத் சேத்துத் தொழுவுறேன்" என்ற இடத்தில் அரங்கம் சிரித்துக் கைதட்டியது. அந்தத் தட்டலை நான் எனக்கு வாங்கிக்கொண்டேன். அன்று மதியம் கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாண வீட்டில், பிரியாணிக்காக உட்கார்ந்திருந்த பெண்கள் நடுவில் ஒருத்தி போனில் அதைப் போட்டிருக்கிறாள். யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியாது. நாத்தனார் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தார். இறந்துபோன அண்ணனின் குரலைக் கேட்டு முதலில் முகம் மலர்ந்து, "இன்னும் கொஞ்சம் சத்தமா வையேன்டி" என்று சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சென்னையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே அதை நீக்கினேன். நான் சொன்னபடியே ஒரு நிமிடம்தான் ஆனது. அதற்குள் அது யார் யார் போனிலோ போய் உட்கார்ந்துவிட்டது.

சில நாள் கழித்து நாத்தனாரே மியூசியத்துக்கு வந்தார். தனியாக, பஸ்ஸில். கறுப்பு புர்கா, கையில் தண்ணீர் பாட்டில். ஒல்லியான, நிமிர்ந்த உருவம். நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அது இருக்கட்டும் சார். அண்ணன் பேசினதை முழுசாப் போடுங்க."

போட்டேன். அண்ணன் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் அவர் டேப் ரிக்கார்டரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அந்தப் பக்கம் முடிந்து பட்டன் டக்கென்று மேலே வந்தது.

"அந்தப் பக்கம்."

இந்த இடத்தில் என் மனதில் இருந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளூர ஒரு தெம்பு இருந்தது. நான் வெட்டிய பகுதியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் இந்த அம்மாவின் கோபம் இறங்கிவிடும், இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள், நான் செய்த தப்பை நானே சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் கேளுங்கம்மா" என்று ஆர்வமாகச் சொன்னேன்.

திண்டிவனத்துக்காரர் வந்தார். கிழவன், குருடன், தொழுகை எல்லாம் வந்தது. கொஞ்ச நேரம் சேவலின் சத்தம் மட்டும். பிறகு அதே குரல், வேறொரு நாளில் பேசியதுபோல மெதுவாக:

"என்னாங்க, மேல பேசினதை எடுத்துக்காதீங்க. இதை அழிக்க எனக்குத் தெரியல. எதையாவது அமுக்கினா நீங்க பேசினதும் போயிடுமோன்னு பயமா இருக்குது. உங்க தங்கச்சி எங்கிட்ட வந்து படுத்துக்கிட்டு அழுவுது. அந்த ஆளைப் பாத்தாலே பயமா இருக்குதாம். அத்தாகிட்ட சொல்ல பயப்படுது. சின்னப்புள்ளைங்க அது. நான் கோவத்துல சொன்னேன். வேணாம்னு நீங்க அத்தாவுக்கு ஒரு வார்த்தை எழுதிடுங்க. நீங்க சொன்னா அத்தா கேப்பாரு. எழுதிடுங்க, என்ன?"

டேப் ஓடி நின்றது. "கேட்டீங்களாம்மா" என்றேன். நல்ல சேதி சொன்னவனைப் போல.

அவர் பாட்டில் மூடியைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"அப்ப அண்ணனுக்குத் தெரியும்."

எனக்கு உடனே புரியவில்லை.

"அத்தா வாக்குக் குடுத்துட்டாரு, என் கையில ஒண்ணுமில்லன்னு சொல்லி என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு சார் அண்ணன். அண்ணி கோவத்துல பேசினதையும் கேட்டுச்சு, வேணாம்னு சொன்னதையும் கேட்டுச்சு. எழுதலை. அந்த ஆளு சீர் எதுவும் கேக்கல. அதுதான்."

"அப்படி இருக்காதும்மா" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

"வருஷா வருஷம் அண்ணன் பேர்ல யாசீன் ஓதுறேன். அண்ணி பக்கத்துல உக்காந்து ஆமீன் சொல்லுது. எல்லாம் தெரிஞ்சிக்கிட்டே."

எழுந்து போனார். வெளியே உப்புக் குவியல்களின் மேல் ஓலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வெயிலில் பஸ் வரும்வரை நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.

அவர் கோட்டக்குப்பம் வீட்டுக்குத் திரும்பவில்லை. பாண்டிச்சேரியில் அக்கா மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். டீச்சர், மன்னிப்புக் கேட்டு வலைப்பதிவில் எழுதலாம் என்றார். அந்த அம்மாவிடம் போனில் கேட்டபோது, "அதைப் படிச்சிட்டு எல்லாரும் மறுபடியும் தேடிக் கேப்பாங்க. வேணாம்" என்று வைத்துவிட்டார். அந்தச் சென்னைக் கூட்டத்துக்காரர்கள், நடந்ததை அறிந்து, மியூசியங்கள் செய்யக்கூடாத தவறுகளைப் பற்றிப் பேச வர முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதை எழுதுவதும் அதே வேலைதானோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. உறவுகளிலும் அடையாளங்களிலும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை, அந்த ஊரில் இப்படிக் கேசட் போய்வராத வீடு குறைவு.

கேசட்டை எடுத்துக்கொண்டு கோட்டக்குப்பம் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து, உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். கல்யாண வீட்டில் நடந்ததற்கு நான்தான் காரணம், செவ்வாய்க்கிழமையே எடுத்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை போனை வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அதற்காக அவர் என்னைத் திட்டவில்லை. அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது போல இருந்தது.

"கல்யாண வூட்டுலேருந்து வந்து ரெண்டு நாள் எங்கிட்ட பேசல" என்றார். "மூணாவது நாள் ஆரம்பிச்சா பாருங்க. பாவி, சண்டாளி, உன் நாக்கு அழுவிப் போவன்னு. காலையில டீ குடிச்சிக்கிட்டே திட்டுவா. மீன் கழுவிக்கிட்டே திட்டுவா. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கு வேணும்தான். ஒரு வருஷம் திட்டுவா, ரெண்டு வருஷம் திட்டுவா, எங்கூடவே இருந்து திட்டுவா. எங்க போவான்னு இருந்தேன். நான் கெட்டவளா இருந்த வரைக்கும் அவளுக்கு அண்ணன்னு ஒருத்தர் இருந்தாரு."

டப்பாவைத் தொடாமல் பார்த்தார்.

"மிச்சத்தை எதுக்கு சார் போட்டுக் காட்டுனீங்க?"

நீங்கள் நல்லவர் என்று அவருக்குத் தெரியட்டும் என்றுதான், என்றேன்.

"நான் கேட்டேனா?"

நாத்தனாரைப் போய்ப் பார்த்துப் பேசட்டுமா என்று கேட்டேன்.

"போயி? இன்னும் எதைப் போட்டுக் காட்டப் போறீங்க?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் எழுந்து போவதற்காகக் காத்திருந்தார். எழுந்து வந்தேன்.